கிழங்குக் குழையல்

அன்று சமையல் மாஸ்டர் மத்தியானமே வீடு திரும்பினார். அந்த நேரத்தில் அவர் திரும்பி யாரும் பார்த்ததில்லை. குழாய் ஆலையின் கேன்டீனில் இரண்டாவது ஷிப்ட் சாப்பிட்டு எழுந்து, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அவர் சட்டை மாற்றுவார். தெருவுக்குள் நுழையும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அன்று மழையில் குடையில்லாமல் நடந்து வந்தார். எதிரே வந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். ஒரு மனிதன் தலை குனிந்து வரும்போது பார்க்காதது போல இருப்பதும் மரியாதைதான். எங்கள் தெருவுக்கு அந்த அளவு வளர்ப்பு உண்டு.

வீட்டில் அவர் மனைவியும் மருமகளும் அவருடைய அண்ணனும் இருந்தார்கள். மகன் லாரி ஓட்டுகிறவன். சரக்கோடு போனவன் திரும்ப நாளாகும். அண்ணன் அதே ஆலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆலையில் அவருக்குக் கிரேன் என்றே பெயர். உட்கார்ந்தாலும் முதுகு நாற்காலியில் சாயாது. தெருவில் யாராவது "என்ன கிரேன், இன்னும் வளையலையா?" என்று கேட்டால், "வளைஞ்சா பாரம் கீழ விழுந்துடும்" என்பார். அப்பா போன பிறகு அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவருடையது. யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை.

"என்ன சொன்னாங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"நாளைக்குக் காலையில திரும்ப வரச் சொல்லியிருக்காங்க. போலீசும் வருமாம்."

"நீ என்ன சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன். நான் அண்டாவுல போட்ட கறி நல்ல கறி. முகர்ந்து பார்த்துத்தான் போட்டேன். அப்புறம் என்ன நடந்துச்சுன்னு பாத்திரம் கழுவினவளைக் கேளுங்கன்னேன்."

"அவளை?"

"கேட்லயே நிறுத்திட்டாங்க. வேலை இல்லைன்னுட்டாங்க."

அண்ணன் தலையசைத்தார். மனைவி துண்டை நீட்டினாள். மாஸ்டர் வாங்கித் தலையைத் துவட்டாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். வாரத் தொடக்கத்தில் ஒரு நாள் கேன்டீனில் கறிக்குழம்பு. முந்தின இரவு மின்சாரம் போய்ப் போய் வந்தது. காலையில் குளிர்பெட்டியைத் திறந்ததும் பாத்திரம் கழுவுகிற அம்மாள், "மாஸ்டர், வாடை வருது" என்றாள். மாஸ்டர் ஒரு கறித்துண்டை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். "உனக்குச் சளி. என் மூக்குக்குத் தெரியாதது உன் மூக்குக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றார். கறி நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பொழுது சாய்வதற்குள் முதல் ஷிப்ட்டில் பாதிப் பேர் கழிப்பறை வாசலில் சுருண்டு கிடந்தார்கள். வெல்டிங் பிரிவில் ஓர் ஆள் இருந்தான். புதிதாகக் கல்யாணமானவன். எப்போதும் வரிசையின் கடைசியில் வந்து தட்டை நீட்டி, "மாஸ்டர், இன்னும் கொஞ்சம்" என்பான். அண்டாவின் அடியில் தங்கும் கறியை மாஸ்டர் அவனுக்கென்றே ஒதுக்கி வைப்பார். அன்றும் வைத்தார். அவன் மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

மாஸ்டருடைய மூக்கைப் பற்றிப் பெருமையாகச் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கம். மீன் வண்டி கேன்டீன் வாசலில் நின்றதும் மூடியைத் திறக்காமலே, "கீழ் அடுக்கு பழசு, எடுத்துட்டுப் போ" என்று திருப்பி அனுப்பியவர். எண்ணெய் டின்னின் மூடியை ஒரு தடவை திருகினாலே கலப்படம் சொல்வார். சரக்குப் போடுகிறவர்கள் ஆலை முதலாளிக்குப் பயப்பட்டார்களோ இல்லையோ, அவர் மூக்குக்குப் பயந்தார்கள். ஒரு வீட்டுக்கு நிலம் இருக்கும், இன்னொரு வீட்டுக்குப் படிப்பு இருக்கும். இந்த வீட்டுக்கு அந்த மூக்கு இருந்தது.

பொழுது சாய்ந்தும் மழை விடவில்லை. மின்சாரம் போயிற்று. யாரோ கதவைத் தட்டினார்கள்.

பாத்திரக்கார அம்மாள் நின்றிருந்தாள். தலையில் ஒரு பிளாஸ்டிக் பை. கைவிரல்கள் எப்போதும் போலத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. உள்ளே வரச் சொல்லி மாஸ்டருடைய மனைவி வாயெடுத்தாள். அண்ணன் தொண்டையைச் செருமினார். அவள் நிறுத்திக்கொண்டாள்.

"உள்ள வரலக்கா. கால் எல்லாம் சேறு" என்று பாத்திரக்கார அம்மாளே சொன்னாள். "மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை."

மாஸ்டர் எழுந்து கதவருகே போனார்.

"மாஸ்டர், நான் வாடை வருதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. சொல்லலன்னு நான் எங்கயும் சொல்லலயே."

"பாத்திரத்துல கோளாறுன்னு சொன்னீங்களாமே. நான் கொதிதண்ணி ஊத்தித்தான் கவிழ்த்தேன். உங்க கண்ணு முன்னாலதான் கவிழ்த்தேன்."

"கறியில கோளாறு இல்ல. அப்ப வேற எதுல?"

"கறியிலதான் மாஸ்டர்." அவள் குரலை உயர்த்தவில்லை. "இன்னிக்கு நேத்தா? எத்தனை தடவை நானே எடுத்துக் கொட்டியிருக்கேன். பால் திரிஞ்சது, வெண்ணெய் காறினது. நீங்க நல்லாருக்குன்னு வச்சிட்டுப் போவீங்க, நான் பின்னாலயே கொட்டிட்டுக் கழுவிடுவேன். உங்களுக்குத் தலைக்குனிவு வேணாம்னுதான். அன்னைக்கு மொத்தச் சரக்கும். எப்படிக் கொட்டறது? அதான் வாயைத் திறந்து சொன்னேன்."

"யார் வீட்டு வாசல்ல நின்னு என்ன பேசற?" என்றார் அண்ணன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"உங்க வீட்டு வாசல்லதான் பெரியவரே. வேற எந்த வாசலுக்குப் போவேன்? நாளைக்குப் போலீஸ் என்னை வரச் சொல்லியிருக்கு. மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க. அவர் சொல்லைத்தான் ஆலையே நம்புது."

மாஸ்டர் வெகுநேரம் அவள் காலடியில் தேங்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் முகர்ந்து பார்த்தேன்" என்றார். "வாடை இல்ல. இல்லாததை இருக்குன்னு சொல்லச் சொல்றியா?"

"இருந்துச்சு மாஸ்டர்."

"போ. மழை வலுக்குது."

அவள் போனாள். படி இறங்கும்போது பிளாஸ்டிக் பையைச் சரிசெய்துகொண்டாள். மருமகள் ஜன்னல் வழியாக அவள் தெரு முனை திரும்பும் வரை பார்த்தாள்.

மாஸ்டர் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டர் எழுந்தார்.

"கிழங்கு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க" என்றாள் மனைவி.

"எடு. குழையல் பண்றேன்."

"நீங்க உட்காருங்க. நான் பண்றேன்."

"நீ எப்பப் பண்ணியிருக்க?"

அது சரி. அந்த வீட்டில் கிழங்குக் குழையல் அவருடையது. யாருக்காவது பொழுது மோசமாகப் போனால் மாஸ்டர் வேலை முடிந்து வந்த களைப்போடு அடுப்படிக்குப் போவார். உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் உரித்து, கரண்டியின் முதுகால் அழுத்துவார். வெண்ணெயில் வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டும் வரை வதக்குவார். அதோடு கிழங்கைச் சேர்த்துக் கொஞ்சம் பால் விட்டு, முட்டையை உடைத்து ஊற்றி, மிளகு தட்டிப் போட்டுக் கிளறுவார். அவ்வளவுதான். பல் இல்லாதவரும் சாப்பிடலாம், அழுதுகொண்டே இருப்பவரும் சாப்பிடலாம். மகன் பரீட்சையில் தேறாமல் வந்த அன்றும், அண்ணன் தன் மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றும் அந்த வீட்டில் அதுதான் சாப்பாடு. மருமகளுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போனபோது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம், கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்து கிண்ணத்தை அவர் பிடித்துக்கொண்டார். "பேச வேணாம்மா. இதை மட்டும் உள்ள தள்ளு" என்றார்.

அவருக்கு ஒரு மோசமான நாள் வந்தால் யார் செய்வது என்று அந்த வீட்டில் யாரும் யோசித்ததில்லை.

மருமகள் மெழுகுவத்தி ஏற்றி அடுப்படி மாடத்தில் வைத்தாள். மாஸ்டர் அடுப்பைப் பற்றவைத்துக் கிழங்கைப் போட்டார். கேன்டீனில் மூட்டைக் கணக்கில் வெங்காயம் நறுக்கிய கை. வெளிச்சம் இல்லாமலே கத்தி சீராக இறங்கியது. முழங்கை வரை கொதியெண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். அந்தக் கையைப் பார்த்தால் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருந்தது.

"வெங்காயம் உனக்கு மட்டும் ஏன் கண்ணைக் கரிக்கறதில்லைன்னு அப்பா கேப்பார், ஞாபகம் இருக்கா?" என்றார் அண்ணன் கூடத்திலிருந்து.

"வெங்காயத்துக்கே என்கிட்ட பயம்னு சொல்வேன்."

"அதுக்கு அப்பா, சமைக்கறவன் வாயும் பெருசுடான்னுவார்."

மாஸ்டர் சிரித்தார். ஆலையில் அது நடந்த பிறகு அன்றுதான் சிரித்தார். மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

அப்பாவின் காலத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. சமைத்தவரின் முன்னால் சாப்பாட்டைக் குறை சொல்லக்கூடாது. உப்பு அதிகமென்றால் தண்ணீர் குடி. தீய்ந்துபோனால் மேலாக எடுத்துச் சாப்பிடு. முகத்தை மட்டும் சுளிக்காதே. வேலைக்காரக் குடும்பத்துக்கு அதைவிட நல்ல வளர்ப்பு வேறு என்ன வேண்டும்? மருமகள் வந்த புதிதில் அது அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் பிறந்த வீட்டில் தட்டுகள் பறக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாஸ்டருடைய மனைவிதான் முதலில் கண்டுகொண்டாள். அடுப்பின் மேல் கைப்பிடித் துணி ஒன்று புகைந்துகொண்டிருந்தது. பக்கத்து அறைவரை நாற்றம். மாஸ்டர் அதன் அருகிலேயே உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் துணியை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். அப்புறம் காறிய வெண்ணெய், அப்புறம் புளித்த மாவு. அவள் மாஸ்டருடைய அண்ணனிடம் சொன்னாள். பெரியவர் நெடுநேரம் யோசித்தார். "மூக்கு போச்சுன்னு அவன்கிட்டச் சொன்னா ஆளே போயிடுவான்" என்றார். "வேலைக்கு இன்னும் எத்தனை வருஷம், கொஞ்சம்தானே. வீட்டுல யாரும் வாயைத் திறக்க வேணாம். வைக்கறதைச் சாப்பிடுவோம்." அப்படியே சாப்பிட்டார்கள். மூவரும் மகனும் அதை ஒரு கடமையாகச் செய்தார்கள். மருமகள் சில நாள் பின்கட்டுக்குப் போய் வாந்தியெடுத்துவிட்டு, முகம் கழுவி வந்து, "நல்லாருந்துச்சு மாமா" என்பாள். மூக்கு ஒரே நாளில் போயிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். கிணற்றுத் தண்ணீர் வற்றுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. உலகம்தான் வாசனை குறைந்துவிட்டது என்று நினைத்தார். இந்தக் காலத்து மிளகில் காரமே இல்லை, இந்தக் காலத்து வெண்ணெய் சவசவ என்று இருக்கிறது என்பார்.

"முட்டையைக் கொடும்மா."

மருமகள் கூடையை நீட்டினாள். முட்டையை நேராகச் சட்டியில் உடைப்பது அவர் பழக்கமில்லை. ஒரு கிண்ணத்தில் உடைத்து, மூக்கருகே கொண்டுபோய், அப்புறம்தான் சட்டியில் ஊற்றுவார். சின்ன வயதில் கற்ற தொழில் ஒழுங்கு. முதலாவதை உடைத்தார், முகர்ந்தார், ஊற்றினார். அடுத்ததும் அப்படியே. மூன்றாவதை உடைத்ததுமே கூடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் நிமிர்ந்தார். அந்த நாற்றம் தெரியாதவர் இல்லை. சாக்கடை அடைப்பை எடுத்தாற்போல எழுந்து அடுப்படியை நிறைத்தது. மனைவி முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோய்ப் பாதியில் இறக்கினாள்.

மாஸ்டர் கிண்ணத்தை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதன் நிறம் தெரிந்திருக்காது. நிதானமாக மூச்சை இழுத்தார். ஏதோ திருப்தியானது போலத் தலையசைத்தார். சட்டியில் ஊற்றிக் கிளறினார்.

மருமகள் அத்தையைப் பார்த்தாள். அத்தை மிளகு டப்பாவை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நாலு தட்டு வைத்து மாஸ்டரே பரிமாறினார். ஆவி பறந்தது. அண்ணன் ஜன்னலைத் திறக்கச் சொல்லவில்லை. கரண்டியால் எடுத்து வாயில் வைத்து மென்று விழுங்கினார். முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. மனைவியும் எடுத்தாள்.

மருமகள் தட்டைத் தொடவில்லை.

"என்னம்மா, பசிக்கலையா?" என்றார் மாஸ்டர்.

"மாமா, முட்டை கெட்டுப்போயிருக்கு."

"அவளுக்கு மழையில வந்த பொம்பளையைப் பார்த்து மனசு சரியில்ல. நீ சாப்பிடு" என்றார் அண்ணன்.

"தயவுசெஞ்சு சாப்பிடாதீங்க பெரிய மாமா. வீடு பூரா நாறுது. உங்களுக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும்."

மாஸ்டர் தட்டைத் தூக்கி மூக்கருகே வைத்தார். இறக்கினார். திரும்ப வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் வரலையே" என்றார். அப்புறம் மனைவியைப் பார்த்தார். "நீ சொல்லு."

அவள் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் மாஸ்டர்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளாடி?"

"ரெண்டு வருஷம் இருக்கும்" என்றாள் அவள். முட்டையை விழுங்கிவிட்டுத்தான் சொன்னாள்.

மாஸ்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோரும் அவர் சமைத்ததைச் சாப்பிட்ட முகங்கள். மருமகளிடம் வந்ததும் நின்றார். கேட்கலாமா வேண்டாமா என்று அவர் தயங்கியது தெரிந்தது.

"உனக்கு... ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்போ பண்ணிக் கொடுத்தேனே. அது?"

"அது நல்லாருந்துச்சு மாமா" என்றாள் உடனே. "அது நிஜமா நல்லாருந்துச்சு."

அவர் அவள் கண்ணையே பார்த்தார். அது உண்மையா, வளர்ப்பா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இனி எந்தக் காலத்திலும் முடியாது.

"அந்த வெல்டிங் ஆள்" என்றார். "அவனுக்குத்தான் அடிக்கறி வச்சேன்."

"மாமா, நாளைக்கு அந்த அக்கா சொன்னது சரின்னு சொல்லிடுங்க" என்றாள் மருமகள். "அவங்க உங்களைக் காப்பாத்தத்தான் பார்த்தாங்க. நானும் வர்றேன். வீட்டுல நடந்ததை நான் சொல்றேன்."

"நீ சொல்லுவ" என்றார் அண்ணன். அவர் குரலில் கோபம் இல்லை; அதுதான் பயமாக இருந்தது. "சொல்லிட்டு? மூக்கு இல்லாதவன் ஆலைக்கே பொங்கிப் போட்டான், வீட்டுல எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சே அனுப்பி வச்சாங்கன்னு பேசுவாங்க. இவனை மட்டுமா உள்ள வைப்பாங்க? உன் புருஷன் இந்த ஊருல வண்டி ஓட்டுவானா? செத்தவன் பொண்டாட்டி நம்ம வாசல்ல வந்து நின்னா உன் அத்தை என்ன பதில் சொல்லுவா?"

"அந்த அக்காவுக்கும் வீடு இருக்கே பெரிய மாமா."

"இருக்கு. அதுக்கு நான் பொறுப்பில்ல. இந்த வீட்டுக்குத்தான் பொறுப்பு." அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒரு வாடையும் வரல. நல்லாத்தான் இருக்கு. நான் சாப்பிடறேன், பாரு. உன் பொண்டாட்டியும் சாப்பிடறா. ஒருத்தி சொல்றான்னு கேப்பியா, நாங்க சொல்றதைக் கேப்பியா?"

மனைவி தலைநிமிராமல் இன்னொரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கும் ஒருத்திதான் சொன்னா" என்றார் மாஸ்டர், யாரிடமும் இல்லாமல்.

அவர் எழுந்தார். மருமகள் அவர் சட்டையை எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தாள். பாத்திரக்கார அம்மாள் வீடு ஆலைக்குப் பின்புறம்தான், மழையிலும் நடந்துவிடலாம். மாஸ்டர் கதவு வரை போனார். தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் எழவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. முதுகு நாற்காலியில் சாயாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். தட்டில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

தாழ்ப்பாள் அசையவில்லை. மாஸ்டர் திரும்பி வந்தார். மருமகளின் பக்கத்தில் குனிந்து, அவள் தட்டைத் தானே எடுத்து ஓரமாக வைத்தார்.

"நீ சாப்பிடாதம்மா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அப்போது அவளுக்குப் புரிந்தது. அவர் அவளைத்தான் நம்புகிறார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் வராது.

"நாளைக்குக் காலையில, இன்னிக்குச் சொன்னதையே சொல்லு" என்றார் அண்ணன். "ஒரு வார்த்தை மாறக்கூடாது."

"சரிண்ணே."

அண்ணனுடைய நெற்றி வியர்த்திருந்தது. தட்டில் ஒரு துளி மீதியில்லாமல் வழித்திருந்தார். அதைத் தம்பியின் முன்னால் நீட்டினார்.

"நல்லாருக்குடா" என்றார். "இன்னும் கொஞ்சம் வை."

மாஸ்டர் கரண்டியை எடுத்துச் சட்டியின் அடியில் விட்டார்.